கலட்டியடி மக்களின் கருத்து

கலட்டியடி,
தெல்லிப்பழை.
02.02.2025

தங்கச்சி அம்பிகைக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கினால் நீ சிரிப்பாய். ஆகவே நேரே விசயத்துக்கு வருகிறேன். இரண்டு வருசமாக உன்னோடு கதைக்காதவன் தொலைபேசியை எடுத்திருக்கலாம்தான். ஆனால் தொலைபேசியில் நீ என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டாய். கடதாசியில் முடிக்கலாம்.

நேற்று வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்கப் போனேன். பலகையில் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. கலட்டியடியில் முகாம் குடும்பங்களுக்கு முப்பத்தெட்டு வீடுகள் கட்ட உத்தேசமாம். அதுபற்றி ஊர்மக்களின் கருத்தை அறியக் கூட்டமாம். எந்தக் காணி என்று பார்த்தால், 'திருமதி கனகாம்பிகை அவர்கள் அன்பளிப்புச் செய்ய முன்வந்துள்ள காணி' என்று இருக்கிறது. என் வளவுக்கு அடுத்த வளவு. என் கூடப்பிறந்த தங்கச்சி. அதை நான் பலகையில் வாசித்து அறிய வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற தியாகராசா, "என்ன மாஸ்ரர், உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். அந்த மனுசன் தன் சீவியத்தில் இவ்வளவு சந்தோசமாக ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்.

முகாம் ஆட்கள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. தொண்ணூறில் சண்டையால் கடற்கரையை விட்டு வந்தார்கள். அங்கே சொந்தக் காணி இல்லாதபடியால் திரும்பிப் போக முடியவில்லை. லண்டனில் இருக்கும் ஒருவரின் காணியில் தகரக் கொட்டில்களில் இத்தனை வருசம் இருந்துவிட்டார்கள். இப்போது லண்டன்காரர் காணியைத் திருப்பிக் கேட்கிறார். பாவம்தான். நான் அதிபராக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்து பூட்டப் பார்த்தார்கள். அப்போது முகாமுக்கு ஆள் அனுப்பி அவர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவன் நான். பேதம் பார்ப்பவன் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது.

ஆனால் முகாம் ஊரின் விளிம்பில் இருக்கிறது. அது வேறு. கோயிலுக்கு இந்தப் பக்கம், என் மதிலுக்கு அடுத்து, முப்பத்தெட்டு வீடு என்பது வேறு. முப்பத்தெட்டு மலசலகூடக் குழிகள். கீழே சுண்ணாம்புக் கல். எங்கள் கிணறுகள் என்னாவது? நான் தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறேன். வேறொன்றும் இல்லை.

செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி உன் விருப்பத்தை மீளப் பெற்றுக்கொள். கூட்டத்துக்கு முன்னர் செய்தால் உனக்கும் மரியாதை.

அண்ணன்,
கனகலிங்கம்


நல்லூர்.
09.02.2025

அண்ணைக்கு,

முத்திரை வாங்கி ஒட்டியிருக்கிறீர்கள். விசயம் பெரிதுதான்.

தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறீர்கள் என்பதைத் தனி வசனமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல்மாடிக் குளியலறையின் குழி உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி? கேதீஸ்வரன் சுவிசிலிருந்து வந்து நாலு குளியலறையோடு வீடு கட்டினான். வருசத்தில் இரண்டு கிழமை இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறான். அந்தக் குழிகளைப் பற்றி ஊரைக் கூட்டினீர்களா? குடிபூரலுக்குப் போய் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். தண்ணீர் அவனுக்கு மட்டும் வேறு பக்கம் ஓடுகிறது போல.

அது என் சீதனக் காணி. அப்பா எனக்கு எழுதித் தந்தது. ஒருவரிடமும் கேட்கவேண்டிய தேவை எனக்கில்லை. செயலகம்தான் ஊரைக் கேட்கவேண்டும் என்று சொன்னது. சரி, கேட்கட்டும் என்றேன்.

இன்னொன்று. உங்களைச் சீண்டவும்தான் கொடுக்கிறேன். அதை மறைக்கப் போவதில்லை. என் மகள் துஷாந்தினி தொண்டைமானாற்றுப் பெடியனைக் கட்டியபோது, "கடற்கரையிலை சம்மந்தம் செய்யிற வீட்டுப் படலையை நான் திறக்கமாட்டன்" என்று சொல்லி அனுப்பினீர்கள். தாய்மாமன் இல்லாமல் அந்தக் கலியாணம் நடந்தது. சோறு மிஞ்சவில்லை, ஒருவரும் உங்களைத் தேடவும் இல்லை. அன்றைக்கே நினைத்தேன், அந்த வளவில் கடற்கரை ஆட்கள்தான் விளக்கு வைப்பார்கள் என்று. பாதி நியாயத்துக்காகக் கொடுக்கிறேன், பாதி கோபத்தில் கொடுக்கிறேன். குடியிருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், கூரை ஒழுகாது.

தொண்ணூற்றைந்தில் நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கமக்காரர் வீட்டில் பதினேழு பேர் இருந்தோம். எங்கள் மலசலகூடத்தைப் பற்றி அவர் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் இன்னும் கைதடிப் பாலத்தில் நின்றிருப்போம்.

கூட்டத்துக்கு வருவேன்.

அம்பிகை


கலட்டியடி.
14.02.2025

தங்கச்சிக்கு,

வரமுடியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செயலகத்துக்குப் போயிருந்தேன். இந்த வேலைக்கு ஆரணி என்று ஒரு பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள். வயது இருபத்தைந்து இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. கலட்டியடியில் எந்த ஒழுங்கை எங்கே போகிறது என்று தெரியாது. இவர்கள்தான் எங்கள் கருத்தை அறியப் போகிறார்கள். நான் அமைதியாக ஒரு கேள்வி கேட்டேன்: "பிள்ளை, ஊர்மக்கள் எண்டு ஆரைச் சொல்லுறீங்கள்? இந்தப் பிரிவிலை இருக்கிற சனமோ, இல்லாட்டி ஆரும் வந்து கதைக்கலாமோ?" பிள்ளை தடுமாறி மேலே போய் விசாரித்து வந்தது. இந்தக் கிராம சேவையாளர் பிரிவில் வசிப்பவர்கள் மாத்திரம் என்றது. "அதை எழுத்திலை தாங்கோ" என்றேன். தந்துவிட்டார்கள்.

நீ நல்லூர்வாசி. ரியூட்டரிகளுக்கும் ஐஸ்கிறீம் கடைகளுக்கும் நடுவில் இருந்துகொண்டு கலட்டியடியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க உனக்கு இடமில்லை. காணி உன்னுடையதாக இருக்கலாம். ஊர் எங்களுடையது.

சாவகச்சேரியை இதற்குள் இழுக்காதே. அது யுத்தம்.

கனகலிங்கம்


நல்லூர்.
19.02.2025

அண்ணைக்கு,

சரி, வரவில்லை.

ஆனால் எழுதி வாங்கிய அந்தக் கடதாசியை மூக்குக்கண்ணாடி போட்டு இன்னொரு தரம் வாசியுங்கள். இந்தப் பிரிவில் வசிப்பவர்கள். கோயிலடியில் தொடங்கி பெரிய ரோட்டுவரை நடந்து போங்கள். பூட்டின வீடு, பூட்டின வீடு, காவல்காரன் மட்டும் படுக்கிற வீடு, தியாகராசா, பூட்டின வீடு, நீங்கள். இதுதானே உங்கள் ஊர்? மிச்சமாக அங்கே அடுப்பு எரிகிற இடம் முகாம் ஒன்றுதான். பள்ளிக்கூட இடைவேளைக்கு வாசலில் போய் நில்லுங்கள், அப்பா கட்டிய கட்டடத்தில் யார் வீட்டுப் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று தெரியும்.

அந்த விதியை எழுதி வாங்கித் தந்ததற்கு நன்றி.

அம்பிகை


கலட்டியடி.
04.03.2025

தங்கச்சிக்கு,

நீ கனவு கண்டது நடக்கவில்லை.

கூட்டம் ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் நடந்தது. நான் தலைமை. தேவாரம், ஒரு நிமிட மௌனம், வரவேற்பு எல்லாம் முறைப்படி. முகாம் ஆட்களும் வந்தார்கள். மண்டபத்துக்கு வெளியே வேம்பின் கீழ் நின்றார்கள். உள்ளே வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வரச் சொல்லியும் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

தியாகராசா நிலத்தடி நீரைப் பற்றி அரைமணித்தியாலம் பேசினார். நைத்திரேற்று என்ற சொல்லை எங்கேயோ பிடித்திருக்கிறார், பத்துத் தரம் சொன்னார். பிறகு கேதீஸ்வரன் சுவிசிலிருந்து தொலைபேசியில் பேசினான். தொலைபேசியை மைக்கில் பிடித்தோம். "எங்கடை பண்பாட்டை நாங்கள் பாதுகாக்காட்டி ஆர் பாதுகாக்கிறது?" என்று கேட்டான். பின்னால் அவனுடைய மகள் ஜேர்மன் பாசையில் சாப்பிடக் கூப்பிட்டதும் மைக்கில் கேட்டது. சிலர் சிரித்தார்கள், அது அவசியமற்றது. அவன் இங்கே வசிக்கவில்லை என்று ஆரணிப் பிள்ளை முணுமுணுத்தது. இங்கே வீடு இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டது.

கடைசியில் முகாம் மாதர் சங்கத் தலைவி தாரிகா வாசலடிக்கு வந்து, "நாங்களும் ஒண்டு கதைக்கலாமோ மாஸ்ரர்?" என்று கேட்டாள். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். "பாப்பம் பிள்ளை, முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். தேத்தண்ணீருக்குப் பிறகு ஆட்கள் எழும்பிவிட்டார்கள், கூட்டம் முடிந்தது.

தேத்தண்ணீர் எல்லோருக்கும் கொடுத்தோம். வெளியே நின்றவர்களுக்கும் குறைவில்லாமல் கொடுத்தோம், கடதாசிக் கோப்பையில். கண்ணாடிக் கோப்பைகள் உள்ளே இருந்தவர்களுக்கே போதவில்லை.

ஊர்மக்கள் விரும்பவில்லை என்று அறிக்கை போகிறது. இனி உன் காணியில் வெங்காயம் போடு.

கனகலிங்கம்


நல்லூர்.
22.03.2025

அண்ணைக்கு,

கோயிலில் இருநூறு கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன. அப்பாவின் அந்திரட்டி முடிந்த கையோடு அவர் நினைவாக வாங்கிக் கொடுத்தவள் நான். அடியில் அவருடைய பெயர் வெட்டியிருக்கிறது. உங்கள் கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்களா? கதிரைகளையும் சேர்த்து எண்ணினாலும் வராது. போதவில்லை என்று எனக்கே எழுதுகிறீர்கள். பொய்யைக்கூட ஆள் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஊருக்குள் கிழங்கள் பத்துப்பேர் கூடியிருந்து, தண்ணீர் என்கிறீர்கள், நைத்திரேற்று என்கிறீர்கள், பண்பாடு என்கிறீர்கள். மனதில் கிடக்கும் சொல்லை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதைச் சொல்லவாவது ஒரு துணிவு வேண்டும். அதுவும் உங்களிடம் இல்லை. எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

தாரிகா என்னோடு கதைத்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "எங்களுக்கு இது புதிசே அன்ரி" என்றாள். கடற்கரையில் துறைமுகத்துக்குக் கிட்ட அரச காணித் துண்டு ஒன்று இருக்கிறதாம். கல்லும் பற்றையும்தான், தண்ணீர் பவுசர் வண்டியில் வரவேண்டும். ஆனால் அங்கே யாரையும் கருத்துக் கேட்கத் தேவையில்லையாம். எல்லோருமாக அங்கே போக யோசிக்கிறார்கள்.

வென்றுவிட்டீர்கள். தேங்காய் உடையுங்கள்.

அம்பிகை


கலட்டியடி.
11.06.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் சுகம் எப்படி? முழங்கால் நோவுக்கு ஏதும் பார்க்கிறாயா?

ஒரு சிறு விசயம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து நேற்று ஒருவர் வந்தார். முகாம் குடும்பங்கள் ஆவணி விடுமுறையோடு கடற்கரைக்குப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களுடைய பிள்ளைகளைக் கழித்தால் மிஞ்சுவது ஆறு. ஆறு பிள்ளைகளுக்கு அதிபரும் ஆசிரியர்களும் போட முடியாது என்கிறார். பூட்டிவிட்டு அந்த ஆறையும் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்களாம். கட்டடத்தை உரக் களஞ்சியமாகப் பாவிக்கலாம் என்று யோசனை சொல்லிவிட்டு, என் வீட்டில் இரண்டு மாம்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அப்பாவின் பள்ளிக்கூடம், அம்பிகை. உரக் களஞ்சியம்.

நான் படிப்பித்த இடம், அவர் கல்லடுக்கிய இடம். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இதை முன்பே யோசித்திருந்தாயா? யோசித்தும் எனக்குச் சொல்லாமல் விட்டாயா?

நான் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். நீ காணியைத் திரும்பவும் கொடு. நான் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறேன், தியாகராசாவையும் எழுத வைக்கிறேன். என் பக்கமாக ஒரு மதில் மட்டும் உயர்த்திக் கட்டவேண்டும். அவர்களின் படலை கோயில் ஒழுங்கைக்கு வராமல் பின்பக்கமாக இருந்தால் நல்லது. மற்றப்படி எல்லாம் விட்டுக்கொடுக்கிறேன். நீ தாரிகாவுக்குச் சொல்லு, அவள் உன் சொல் கேட்பாள்.

உன் அண்ணன்,
கனகலிங்கம்


நல்லூர்.
18.06.2025

அண்ணைக்கு,

முழங்கால் நோகிறது. இத்தனை வருசமாக நோகிறது, இப்போதுதான் கேட்கிறீர்கள்.

பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பாருங்கள் என்று மாசியிலேயே எழுதினேன். முப்பது வருசம் படிப்பித்தவருக்கு நாற்பத்திரண்டில் முப்பத்தாறு போனால் ஆறுதான் மிஞ்சும் என்று நான் கழித்துக் காட்டவேண்டுமா? பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளைகள் வேண்டும். தேருக்கு வடம் பிடிக்க அவர்களின் தகப்பன்மார் வேண்டும். ஆனால் அவர்கள் இரவில் படுப்பதற்கு மட்டும் இந்த ஊர் இல்லை. காலையில் காற்றில் வந்து இறங்கி, பின்னேரம் காற்றில் மறையவேண்டும் என்று நினைத்தீர்களாக்கும்.

காணி அங்கேதான் கிடக்கிறது. கொடுக்கிறேன். மதிலும் இல்லை, பின்படலையும் இல்லை.

ஆனால் தாரிகாவுக்கு நான் சொல்லமாட்டேன். நீங்கள் போய்க் கேளுங்கள். ஆள் அனுப்பி அல்ல, வாசலில் நின்று கூப்பிட்டும் அல்ல. முகாமுக்குள்ளே போய் இருந்து கேளுங்கள். கருத்தறியும் கூட்டம் நடத்துவதில் நீங்கள் கைதேர்ந்தவர்.

அம்பிகை


கலட்டியடி.
29.06.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

போனேன்.

முகாமுக்குள் நான் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிக் குத்திக்காட்டாதே, நானே சொல்லிவிட்டேன். உள்ளே தகரம் கொதிக்கிறது. தலை இடிக்காமல் ஒரு வாசலாலும் போக முடியாது. என் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைகளுக்கு நான் அடித்திருக்கிறேன். அங்கே ஒரு புத்தகத்தை விரித்து வைக்க இடமில்லை.

நடுவில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். மற்றவர்கள் சுற்றிவர நிலத்தில் இருந்தார்கள். நான் ஆயத்தம் செய்துகொண்டு போனதை எல்லாம் பேசினேன். நல்ல காணி, செம்பாட்டு மண், நல்ல தண்ணீர், நடைதூரத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி கிட்ட. நைத்திரேற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒருவருமே ஒன்றும் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டேன், இன்னும் சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். தாரிகா எழும்பி, "முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ மாஸ்ரர்" என்றாள்.

எல்லோருக்கும் தேத்தண்ணீர் வந்தது. அவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பையில் வந்தது. பிறகு ஒரு மனுசி என் முன்னால் வந்து புதுப் பைக்கற் ஒன்றைக் கிழித்து, அதிலிருந்து ஒரு கடதாசிக் கோப்பையை எடுத்து, அதில் வார்த்து என்னிடம் நீட்டினாள். சிரிக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது, தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

எனக்கு வந்த கோபத்தை நீ அறிவாய். அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு எழும்பியிருப்பேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களின் வீட்டில் வாய் நனைப்பேனா மாட்டேனா என்று பார்க்கிறார்கள் என்பது விளங்கியது. பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டு குடித்தேன். கடதாசிக் கோப்பை சூடு தாங்காது, விரல் வெந்தது. அதில் ஒரு தரமும் நான் தேத்தண்ணீர் குடித்ததில்லை, எனக்குத் தெரியாது.

முழுவதும் குடித்தேன். சீனி அளவாக இருந்தது.

"அப்ப என்ன மாதிரிப் பிள்ளை? என்ன முடிவு?" என்று கேட்டேன். தாரிகா என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, கசக்கி, குப்பைப் பெட்டிக்குள் போட்டாள். "பாப்பம் மாஸ்ரர்" என்றாள். பிறகு எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

நீ என்ன நினைக்கிறாய்? அவள் மறுக்கவில்லைத்தானே? உனக்கு ஏதும் சொன்னால் உடனே எழுது. எழுதவேண்டாம், கோல் எடு.

கனகலிங்கம்


நல்லூர்.
06.07.2025

அண்ணைக்கு,

கோல் எடுத்தால் நீங்கள் என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டீர்கள்.

தாரிகா நேற்று வந்தாள். காணிக்கு நன்றி சொன்னாள், வேண்டாம் என்றாள். "உங்களிலை கோவமில்லை அன்ரி. எங்களைப் பிடிக்காத சனத்தின்ரை நல்ல தண்ணியைவிட எங்களுக்கு பவுசர் தண்ணி காணும்" என்றாள். பதினாலாம் திகதி திங்கட்கிழமை எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளின் விடுகைப் பத்திரங்களை எடுக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் நல்லது.

அந்தக் காணியைப் பாதி நியாயத்துக்காகவும் பாதி கோபத்தோடும் கொடுத்தேன் என்று எழுதியிருந்தேன். நியாயத்தின் பங்கை அவள் திருப்பித் தந்துவிட்டாள். இப்போது என்னிடம் இருப்பது மற்றப் பாதி மட்டும்தான்.

ஆகவே கேதீஸ்வரனுக்கு விற்கிறேன். விடுதி கட்டப் போகிறானாம். வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு. அறுபது அறை. அறைக்கு ஒரு குளியலறை, உங்கள் மதிலோரமாகவே வரிசையாக வருகிறது, படம் காட்டினான்.

செயலகத்திலிருந்து ஆரணி கதைத்தாள். இதற்கும் ஊர்மக்களின் கருத்தை அறியக் கூட்டம் வைக்கவேண்டுமாம். பிரிவில் வசிப்பவர்கள் மாத்திரம்தான் பேசலாமாம். அந்த விதி எழுத்தில் இருக்கிறதாம். தியாகராசா கனடாவுக்கு மகனிடம் போகிறார் என்று கேள்விப்பட்டேன், அப்படியென்றால் எதிர்த்துப் பேச நீங்கள் ஒருவர்தான். தேவாரம் பாடி, மௌனம் செலுத்தி, தலைமை தாங்கி, கருத்தைச் சொல்லுங்கள்.

தேத்தண்ணீருக்கும் யோசிக்கவேண்டாம். கோயிலில் அப்பாவின் கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன. இனி எல்லோருக்கும் போதும்.

அம்பிகை